காற்றைக் கல்லாக்குவது எப்படி?

கார் டயரில் கம்பெனி சொன்ன அளவுக்கு மேல் காற்றடித்து, அதைக் கல்லு மாதிரி ஆக்கி, கம்பீரமாக ஓட்ட ஆசைப்படுகிறவர்களுக்கான கையேடு இது. ஏற்கெனவே அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்றாலும் படியுங்கள். இத்தனை நாள் பழக்கத்தில் செய்ததை இனி விவரம் தெரிந்தே செய்யலாம்.

தேவையானவை

கார் ஒன்று. டயர் நான்கு. போகிற வழியில் பெட்ரோல் பங்க் ஒன்று. "எதையும் கொஞ்சம் கூடவே வை" என்று வளர்க்கப்பட்ட மனசு ஒன்று.

கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். காய்கறிக் கடையில் கொசுறாகக் கறிவேப்பிலை கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பந்தியில் கையை மறித்தால்தான் இன்னொரு கரண்டி விழும். அளந்து கொடுப்பவனுக்குக் கஞ்சன் என்று பெயர். இப்படி வளர்ந்த மனசு காற்றுக் குழாய்க்கு முன்னால் போய் நின்றால் தானாகவே வேலை செய்யும், தனிப் பயிற்சி வேண்டாம். அதிலும் காற்று காசில்லாமல் கிடைக்கிறது. பங்கில் காற்றை இலவசமாகத் தர வேண்டும் என்பது எண்ணெய் நிறுவனங்கள் வைத்திருக்கும் விதி. சும்மா கிடைப்பதை யாராவது அளந்து வாங்குவார்களா?

தேவையே இல்லாத பொருள் ஒன்று உண்டு. அது பிரஷர் கேஜ். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், டாஷ்போர்டு அறையில் அடங்கிவிடும். வாங்கிவிடாதீர்கள். கையில் இருந்தால் வைத்துப் பார்க்கத் தோன்றும். பார்த்தால் எண் தெரிந்துவிடும். எண் தெரிந்த பிறகு இந்தக் கலையில் நீடிப்பது கடினம்.

படி 1: எண்ணைத் தப்பான இடத்தில் தேடுங்கள்

உங்கள் காருக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்பதைக் கார் கம்பெனி ஒரு ஸ்டிக்கரில் அச்சடித்து ஒட்டியே கொடுத்திருக்கிறது. பெரும்பாலான கார்களில் டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால், கதவு வந்து மூடும் தூணில் இருக்கும். சிலவற்றில் பெட்ரோல் மூடியின் உட்புறம் இருக்கும். முன் சக்கரத்துக்கு இத்தனை, பின் சக்கரத்துக்கு இத்தனை, இரண்டு பேர் போனால் இத்தனை, ஐந்து பேரும் பெட்டி படுக்கையுமாகப் போனால் இத்தனை என்று கட்டம் போட்டிருப்பார்கள். நம் ஊரில் ஓடும் சாதாரணக் கார்களுக்கு அது பெரும்பாலும் 30-லிருந்து 36 பி.எஸ்.ஐ.க்குள் அடங்கும். ஒரு நாளைக்கு நாலு தடவை அந்தக் கதவைத் திறக்கிறீர்கள். அந்த ஸ்டிக்கர் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

அதற்குப் பதில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து டயரின் பக்கவாட்டைத் தடவிப் பாருங்கள். தூசிக்கடியில் பொடி எழுத்தில் 'மேக்ஸ். பிரஷர்' என்று ஒரு வரி புடைத்திருக்கும். 44 அல்லது 51 பி.எஸ்.ஐ. என்று இருக்கலாம். கிடைத்துவிட்டது! டயர் செய்தவனே 51 என்கிறான், நாம் 45 அடித்தால் என்ன குறைந்துவிடும்?

அந்த எண் உச்ச வரம்பு. இதற்கு மேல் போகாதே என்று அர்த்தம், இவ்வளவு அடி என்று அர்த்தமில்லை. டயர் கம்பெனிக்கு அந்த டயர் யார் வீட்டுக் காரில் ஏறப்போகிறது என்று தெரியாது. ஒரே அளவு டயர் சின்னக் காரிலும் மாட்டப்படும், கொஞ்சம் கனத்த காரிலும் மாட்டப்படும். எந்தச் சக்கரத்தின் மேல் எத்தனை கிலோ உட்காருகிறது, பிரேக் எப்படிப் பிடிக்கிறது, வளைவில் வண்டி எப்படிச் சாய்கிறது என்று ஓட்டிப் பார்த்து எண்ணை முடிவு செய்தது கார் கம்பெனிதான். இந்த விவரம் யாருக்கும் தெரிய வேண்டாம். பங்கில் "டயர்லயே போட்டிருக்குப்பா" என்று சொன்னால் மறுபேச்சு பேச ஆளிருக்காது.

படி 2: கண்ணையும் காலையும் நம்புங்கள்

டயரை ஓர் உதை உதையுங்கள். டங்கென்று சத்தம் வந்தால் சரி, தொப்பென்று வந்தால் காற்று போதாது. 30-க்கும் 40-க்கும் உள்ள வித்தியாசத்தைச் செருப்புக் காலால் கண்டுபிடிக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் உதைக்கும்போது கிடைக்கும் மரியாதை எந்தக் கேஜிலும் கிடைக்காது.

அடுத்து, கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். தரையைத் தொடும் இடத்தில் டயர் சற்றுப் பிதுங்கியிருக்கும். "காத்தே இல்லையே!" என்று பதறுங்கள். இன்றைய கார்களில் இருப்பவை ரேடியல் டயர்கள். அவற்றின் பக்கச் சுவர் மெல்லியது, வளைந்து கொடுப்பதற்காகவே அப்படிச் செய்யப்பட்டது. சரியான காற்று இருக்கும்போதும் அடியில் கொஞ்சம் பிதுங்கித்தான் நிற்கும். அம்பாசடர் காலத்துப் பழைய டயர்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது குறையாகப் படும். அந்தப் பிதுக்கம் மறையும்வரை அடித்தால், தேவைக்கு மேல் அடித்துவிட்டீர்கள் என்று நிச்சயமாக நம்பலாம்.

படி 3: பங்கில் நடந்துகொள்ளும் முறை

பெட்ரோல் போட்டுவிட்டு ஓரமாக வண்டியை நிறுத்துங்கள். கம்ப்ரஸர் தடதடவென்று ஓடிக்கொண்டிருக்கும். ஹோஸ் மூன்று சக்கரத்துக்கு எட்டும், நாலாவதற்கு வண்டியை ஒரு முழம் முன்னால் எடுக்க வேண்டியிருக்கும். காற்றடிக்கும் பையன் வால்வு மூடிகளைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வான். அதில் ஒன்று திரும்பி வராது. கீழே இறங்காதீர்கள், கண்ணாடியை மட்டும் பாதி இறக்குங்கள்.

"எவ்வளவு சார்?"

"நல்லா டைட்டா அடிப்பா."

"முப்பத்தஞ்சு வைக்கட்டுமா?"

"லாங் போறோம்ப்பா. ஃபேமிலி இருக்கு."

"அப்ப நாப்பது?"

"கூட ரெண்டு போடு."

கவனியுங்கள், இந்த உரையாடலில் யாருக்குமே எண் தெரியாது. அவன் உங்களைப் பார்த்துக் கூட்டுகிறான், நீங்கள் அவனைப் பார்த்துக் கூட்டுகிறீர்கள். ஏலம் எடுக்கிற பொருளோ காற்று. டிஜிட்டல் மெஷினாக இருந்தால் 42 ஆனதும் பீப் அடித்து நின்றுவிடும், அதுவரைக்கும் நியாயமானது. கேஜ் தொங்கும் பழைய மெஷினாக இருந்தால் இன்னும் விசேஷம். கண்ணாடி உடைந்து, முள் எப்போதும் ஏதோ ஓர் எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும். அது சொல்வது 42 என்றால் உள்ளே 38-ஆகவும் இருக்கலாம், 47-ஆகவும் இருக்கலாம்.

கடைசியில் பத்து ரூபாய் கொடுங்கள். "ஸ்டெப்னிக்கு அடிக்கணுமா சார்?" என்று கேட்பான். "அதெல்லாம் இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். ஸ்டெப்னியில் காற்று இருக்காது, அது மரபு.

சில கார்களில் டிக்கிக்குள் ஒல்லியான தற்காலிக ஸ்டெப்னி இருக்கும். அதில் 60 பி.எஸ்.ஐ. அடி, 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாதே என்று எழுதியிருக்கும். அதன் ஒடிசலான உடம்பு காரின் பாரத்தைத் தாங்க அந்த அழுத்தம் வேண்டும். நீங்கள் இரண்டாம் பாதியைப் படிக்காமல், "பாருங்க, அறுபது வரைக்கும் தாங்குது" என்று மற்ற நான்குக்கும் சாட்சியாக வைத்துக்கொள்ளலாம்.

படி 4: வெயில் மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும்

விடியற்காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது 45 அடித்துவிட்டு, கத்திரி வெயிலில் சென்னையிலிருந்து திருச்சிக்குக் கிளம்புங்கள். பரனூர் சுங்கச்சாவடி தாண்டி வேகம் பிடித்ததும் டயர் உருண்டு உருண்டு சூடாகும், தார்ச்சாலையும் தன் பங்கைக் கொடுக்கும். உள்ளே இருக்கும் காற்றின் சூடு 30 டிகிரி கூடினால் என்ன ஆகும் என்பதைப் பள்ளிக்கூடத்தில் படித்த வாயு விதியே சொல்லிவிடும். 27 டிகிரியிலிருந்து 57 டிகிரிக்குப் போவது, கெல்வின் கணக்கில் 300-லிருந்து 330-க்குப் போவது. பத்தில் ஒரு பங்கு. அழுத்தமும் அதே பத்தில் ஒரு பங்கு கூடும். வெளிக்காற்றின் 14.7-ஐயும் சேர்த்துக் கணக்குப் போட்டால், காலையில் 45 ஆக இருந்தது விழுப்புரம் தாண்டுவதற்குள் 51 ஆகியிருக்கும். பக்கவாட்டில் போட்டிருந்த 51 என்ற எண்ணை, வண்டியை விட்டு இறங்காமலே தொட்டுவிட்டீர்கள்.

ஸ்டிக்கர் சொன்ன 33-ஐ அடித்திருந்தால் அதே வழியில் அது 38 வரைதான் போயிருக்கும். சூட்டில் இவ்வளவு ஏறும் என்று தெரிந்துதான் அந்த 33-ஐயே எழுதியிருக்கிறார்கள். அது குளிர்ந்த டயருக்கான எண். வண்டி சில மணி நேரம் நின்றிருக்க வேண்டும், அல்லது ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள்தான் ஓடியிருக்க வேண்டும்.

இதில் எதிர்க்கட்சி ஒன்று உண்டு. வெயில் காலம் என்பதால் காற்றைக் குறைத்து 25 வைக்கிறவர்கள், அல்லது நெடுஞ்சாலை நடுவில் நிறுத்தி, சூடான டயரைத் தொட்டுப் பார்த்துவிட்டு வால்வை அழுத்தி உஸ்ஸென்று இறக்கிவிடுகிறவர்கள். அவர்கள் நம்மைவிட வேகமாக ஆபத்துக்குப் போய்ச் சேர்வார்கள். காற்று குறைந்தால் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்ந்து உள்ளுக்குள்ளேயே சூடேறும். நெடுஞ்சாலையில் டயர் கிழிந்து போவதற்கு அது பெரிய காரணம். 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவில், ஓட்டத்தில் டயர்கள் கிழிந்ததால் ஃபயர்ஸ்டோன் கம்பெனி 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. அந்த டயர்கள் மாட்டிய தன் எக்ஸ்ப்ளோரர் காருக்கு 26 பி.எஸ்.ஐ. போதும் என்று ஃபோர்டு சொல்லியிருந்தது, 30 வேண்டும் என்றது ஃபயர்ஸ்டோன். அந்த நாலு பி.எஸ்.ஐ.யை வைத்துக்கொண்டு இரண்டு பெரிய கம்பெனிகள் உலகம் பார்க்கச் சண்டை போட்டன. நீங்கள் பாதிக் கண்ணாடி வழியாக "கூட ரெண்டு" என்கிறீர்கள்.

படி 5: காரணங்களைத் தயாராக வையுங்கள்

யாராவது கேட்பார்கள். பதில் இல்லாமல் நிற்கக் கூடாது.

*மைலேஜ்.* முதல் காரணம் இதுதான், இதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. டயர் இறுகினால் உருள்வது எளிது. ஆனால் எவ்வளவு மிச்சம்? அழுத்தம் ஒரு பி.எஸ்.ஐ. குறைந்தால் மைலேஜ் சுமார் 0.2 சதவீதம் குறையும் என்பது அமெரிக்க அரசின் எரிசக்தித் துறை தரும் கணக்கு. அதே விகிதம் மேலேயும் செல்லும் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 10 கூட அடித்தால் 2 சதவீதம். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும் கார் 15.3 கொடுக்கும். 40,000 கிலோமீட்டருக்கு மிச்சமாவது 52 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் 5,200 ரூபாய். டயர் ஒன்று 5,000 என்று நாலு டயருக்கு 20,000. நடுவில் மட்டும் தேய்ந்து அதன் ஆயுளில் கால்வாசி போய்விட்டால் 5,000 அங்கே போய்விட்டது. ஆக இருநூறு ரூபாய் லாபம். ஷாக் அப்சார்பர் பில்லைக் காட்டாதவரை இந்த லாபம் நிற்கும்.

*லோடு.* "அஞ்சு பேர் போறோம், டிக்கி ஃபுல்." நல்ல காரணம்தான். முழுப் பாரத்துக்குக் காற்றைக் கூட்டத்தான் வேண்டும். எவ்வளவு என்பது அதே ஸ்டிக்கரில் அடுத்த கட்டத்தில் இருக்கிறது. பல கார்களில் அது சில பி.எஸ்.ஐ.தான். ஆகவே ஸ்டிக்கர் பக்கம் பேச்சைத் திருப்பிவிடாதீர்கள்.

*எப்படியும் இறங்கிடும்.* மாதத்துக்கு ஒன்றிரண்டு பி.எஸ்.ஐ. தானாக இறங்குவது இயல்பு. அதற்காக மூன்று மாதக் காற்றை அட்வான்ஸாக அடித்து வைப்பது தொலைநோக்கு. முதல் மூன்று மாதம் கூடுதலாகவும் அடுத்த மூன்று மாதம் குறைவாகவும் ஓட்டலாம். சராசரி சரியாக வரும்.

*டைட்டா இருந்தா பஞ்சர் ஆகாது.* ஆணிக்கு இது தெரியாது.

படி 6: பலன்களை அனுபவியுங்கள்

முதல் பலன் தரையோடு உள்ள உறவு குறைவது. காரும் ஆட்களுமாக 1,200 கிலோ என்றால் ஒரு சக்கரத்தின் மேல் 300 கிலோ. 33 பி.எஸ்.ஐ.யில் அந்த 300 கிலோவைத் தாங்க டயர் தரையில் சுமார் 130 சதுர சென்டிமீட்டர் படிய வேண்டும். கையை விரித்துத் தரையில் வைத்தால் பிடிக்கும் இடம், அவ்வளவுதான். 45 அடித்தால் அது 95-க்குச் சுருங்கும். டயர் ரப்பரின் விறைப்பால் இந்த எண் சற்று முன்பின் ஆகலாம், போக்கு மாறாது. முன்னால் போகிற லாரி திடீரென்று நிற்கிறது, நீங்கள் பிரேக்கை மிதிக்கிறீர்கள். வண்டியை நிறுத்த வேண்டிய ரப்பரில் கால் பங்குக்கு மேல் தரையைத் தொடாமல் அந்தரத்தில் நின்று வேடிக்கை பார்க்கிறது.

இரண்டாவது பலன் நடுவழுக்கை. காற்று மிகுந்த டயர் நடுவில் உருண்டு எழும்பி, நடுப்பகுதியால் மட்டும் நடக்கும். பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் குனிந்து பாருங்கள். ஓரங்களில் புது டயரில் இருக்கும் ரப்பர் முடிகள்கூட உதிராமல் நிற்கும், பூக்கள் கூர்மையாக இருக்கும். நடுவில் பள்ளங்கள் மேலேறி, உள்ளே குறுக்காக ஓடும் சின்னக் கட்டைகள் மட்டத்துக்கு வந்திருக்கும். அந்தக் கட்டைகளின் உயரம் 1.6 மில்லிமீட்டர். அவை ரப்பரோடு சமமானால் டயரை மாற்று என்று பொருள். ஓரத்தில் பாதி ஆயுள் பாக்கி இருக்கும்போதே டயரைத் தூக்கிப் போடும் பாக்கியம் இதில்தான் கிடைக்கும். மழைத் தண்ணீரை வாரி வெளியே தள்ளுவது அந்த நடுப் பள்ளங்கள்தான் என்பதால், ஐப்பசி அடைமழையில் கூடுதல் சுவாரஸ்யமும் உண்டு.

மூன்றாவது பலனுக்கு நெடுஞ்சாலை வேண்டாம், தெருவே போதும். மழைநீர் வடிகாலுக்காக வெட்டி, மண்ணைத் தள்ளி மூடி, முதல் மழையில் உள்வாங்கிய பள்ளம் எந்தத் தெருவிலும் ஒன்று இருக்கும். தண்ணீர் நிற்பதால் ஆழம் தெரியாது. நாற்பதில் போய் இறங்குங்கள். காற்று அளவாக இருந்தால் டயர் அமுங்கி, அடியில் பாதியைத் தானே விழுங்கிவிடும். இறுகிய டயர் அமுங்காது. ஏற்கெனவே விறைத்திருக்கும் அதன் மேல் பள்ளத்தின் விளிம்பு மோதினால், பக்கச் சுவருக்குள் ஓடும் நூல்களில் சில அறுந்து போகலாம். மேலே ஒன்றும் தெரியாது. சில நாள் கழித்துப் பக்கவாட்டில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு புடைப்பு எழும்பும். "கட்டி வந்துருச்சு சார், ஒட்ட முடியாது, மாத்திடுங்க" என்பார் பஞ்சர் கடைக்காரர். அவர் சொல்வது சரி. அந்த இடத்தில் காற்றைத் தாங்கிக்கொண்டிருப்பது வெறும் ரப்பர் தோல் மட்டும். அதோடு நெடுஞ்சாலை ஏறுவதுதான் இந்தக் கலையின் உச்சம்.

டயர் விழுங்காத அடி எங்கும் காணாமல் போய்விடாது. ரிம், ஷாக் அப்சார்பர், லோயர் ஆர்ம், புஷ், ஸ்டீயரிங் என்று வரிசையாக வீடு வீடாகப் போகும். கடைசி வீடு பின் சீட்டில் உட்கார்ந்திருக்கும் பாட்டியின் இடுப்பு.

இந்த இடத்தில் கொஞ்சம் வரலாறு. டயருக்குள் காற்றை அடைத்ததே மெத்தென்று இருக்கத்தான். 1888-இல் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தன் மகனின் மூன்று சக்கர சைக்கிள் கெட்டி ரப்பர் சக்கரத்தில் கடகடத்ததைப் பார்த்துத்தான் காற்றடைத்த டயரைச் செய்து மாட்டினார். அவருக்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே ராபர்ட் வில்லியம் தாம்ஸன் இதே யோசனைக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். கல்லாக இருந்ததைக் காற்றாக்க அவர்கள் பாடுபட்டார்கள். காற்றைத் திரும்பக் கல்லாக்க நமக்கு ஐந்து நிமிடம் போதும்.

நம் ஊர்க் கதையும் இருக்கிறது. எம்.ஆர்.எஃப். 1946-இல் திருவொற்றியூரில் ஒரு சின்னக் கொட்டகையில் விளையாட்டு பலூன் செய்யும் தொழிலாகத்தான் ஆரம்பித்தது, டயர் எல்லாம் பின்னால் வந்தது. அவர்கள் பலூனிலிருந்து டயருக்குப் போனார்கள். நீங்கள் டயரிலிருந்து பலூனுக்குப் போகிறீர்கள்.

படி 7: பணம் கொடுத்தும் செய்யலாம்

இலவசக் காற்றில் கௌரவம் இல்லை என்று நினைப்பவர்களுக்கு நைட்ரஜன் இருக்கிறது. நாம் மூச்சு விடும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். மீதியையும் அதுவாக்கக் காசு. நைட்ரஜனில் ஈரம் இருக்காது, கொஞ்சம் மெதுவாகக் கசியும், அதெல்லாம் சரி. ஆனால் "நைட்ரஜன் சூடானாலும் ஏறாது, எவ்வளவு வேணாலும் அடிக்கலாம்" என்று யாராவது சொன்னால் உடனே நம்புங்கள். வாயு விதி நைட்ரஜனுக்கும் அதே விதிதான் என்பதை மறந்துவிட்டால் பச்சை மூடிகளோடு 45-இல் ஓட்டலாம்.

படி 8: விளக்கு எரியாததைப் பாராட்டாக எடுத்துக்கொள்ளுங்கள்

புதுக் கார்கள் பலவற்றில் டயர் அழுத்தத்தைக் கண்காணிக்கும் கருவி இருக்கிறது. அமெரிக்காவில் 2007 செப்டம்பரிலிருந்து புதுக் கார்களில் இது கட்டாயம். அழுத்தம் 25 சதவீதம் குறைந்தால் டாஷ்போர்டில் விளக்கு எரிய வேண்டும் என்கிறது அங்குள்ள சட்டம். கூடினால் எரிய வேண்டும் என்று சொல்லவில்லை. கருவிகள் பலவும் இந்த வழியில்தான் நடக்கின்றன. ஆகவே நீங்கள் அடித்த 45-ஐப் பற்றி உங்கள் கார் ஒரு வார்த்தை பேசாது போகலாம். "பார்த்தியா, கார் ஒத்துக்கிச்சு."

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

*கேள்வி: 45 அடித்தால் அங்கேயே வெடித்துவிடாதா?*

வெடிக்காது. நல்ல நிலையில் உள்ள புது டயர் அதைப் போலப் பல மடங்கு தாங்கும். இந்தக் கலை இத்தனை காலம் பிழைத்திருப்பதே அதனால்தான். தப்புச் செய்த அன்றே தண்டனை கிடைத்தால் யாரும் இரண்டாவது முறை செய்ய மாட்டார்கள். இதில் தண்டனை தவணை முறையில் வரும், வேறு பெயரில் வரும். நடுவில் தேய்ந்தால் "இந்தக் கம்பெனி டயர் சரியில்லை", ஷாக் போனால் "ரோடு சரியில்லை", பிரேக் நிற்காவிட்டால் "முன்னாடி போனவன் சரியில்லை". காற்றின் பெயர் எங்கேயும் அடிபடாது.

*கேள்வி: என் டயர் பழையது. பரவாயில்லையா?*

இன்னும் நல்லது. பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. வயதான ரப்பரில் பொடி வெடிப்புகள் ஓடியிருக்கும். அதற்குள் கூடுதல் காற்று, மேலே கத்திரி வெயில், கீழே பள்ளம் என்று மூன்றும் கூடினால், முந்தைய பதிலில் சொன்ன தவணை ஒரே நாளில் தீர்ந்துவிடும்.

*கேள்வி: என் மைத்துனர் எப்போதும் 40 தான். அவருக்கு ஒன்றும் ஆகவில்லையே?*

அவர் காரின் ஸ்டிக்கரில் 38 என்று இருக்கலாம். உங்கள் காரில் 30 என்று இருக்கலாம். மைத்துனரின் எண்ணைக் கடன் வாங்குவது இந்தக் கலையில் அங்கீகரிக்கப்பட்ட முறை.

*கேள்வி: ஏதாவது ஆகிவிட்டால் யார் மேல் பழி போடுவது?*

முன்பு விடை எளிதாக இருந்தது, தெய்வத்தின் மேல் போடலாம். 2023-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்த வழியை அடைத்துவிட்டது. 2010-இல் புனேயிலிருந்து மும்பைக்குப் போன ஒரு காரின் பின் டயர் வெடித்துப் பயணி ஒருவர் இறந்தார். அவர் குடும்பத்துக்கு 1.25 கோடி ரூபாய் தரவேண்டும் என்று தீர்ப்பாயம் சொன்னது. டயர் வெடிப்பது தெய்வச் செயல், எங்களுக்குப் பொறுப்பில்லை என்று காப்பீட்டு நிறுவனம் மேல்முறையீடு செய்தது. நீதிமன்றம் ஏற்கவில்லை, அது மனிதக் கவனக்குறைவு என்றது. டயர் வெடிப்பதற்கு என்னென்ன காரணம் இருக்கலாம் என்று நீதிமன்றம் போட்ட பட்டியலில் அதிவேகம், காற்றுக் குறைவு, செகண்ட் ஹேண்ட் டயர், வெப்பம் ஆகியவற்றோடு காற்று மிகுதியும் இருக்கிறது. கிளம்பும் முன் டயரைப் பார்ப்பது ஓட்டுபவரின் கடமை என்றும் சொன்னது. பூசைக்கு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றும்போதே ஒரு தடவை குனிந்து பார்த்துவிடலாம் என்று இதற்குப் பொருள்.

இந்தக் கலையில் தோற்பது எப்படி?

எல்லோராலும் இதில் வெற்றி பெற முடியாது. சிலர் சோம்பலால் சரியாக ஓட்டிவிடுகிறார்கள். அவர்கள் செய்வது இதுதான்.

டிரைவர் பக்கக் கதவைத் திறந்து ஸ்டிக்கரை ஒரு முறை படிக்கிறார்கள், செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். முன், பின், தனி ஆள், முழுப் பாரம் என்று நாலு எண்ணும் அதில் வந்துவிடுகிறது. மாதத்துக்கு ஒரு முறையும், வெளியூர் கிளம்புகிற அன்று காலையிலும், டயர் குளிர்ந்திருக்கும்போது தங்கள் சொந்தக் கேஜை வைத்துப் பார்க்கிறார்கள். பங்க் பக்கத்தில் இருந்தால்தான் அங்கே போகிறார்கள், தூரம் என்றால் சிகரெட் லைட்டரில் செருகும் சின்னப் பம்பு ஒன்று வைத்திருக்கிறார்கள். ஓடிச் சூடான டயரில் நாலைந்து கூடத் தெரிந்தால் இறக்காமல் விட்டுவிடுகிறார்கள். ஸ்டெப்னியையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். பையனிடம் "டைட்டா" என்று சொல்லாமல், கண்ணாடியை முழுசாக இறக்கி, "முன்னாடி முப்பத்துமூணு, பின்னாடி முப்பது தம்பி" என்று எண்ணைச் சொல்கிறார்கள். வால்வு மூடி நாலும் திரும்பி வந்ததா என்றும் எண்ணுகிறார்கள்.

இப்படித் தோற்றவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. கல்யாண மண்டபத்து வாசலில் நாலு ஆண்கள் சேர்ந்தால் பேச்சு மைலேஜில் தொடங்கிக் காற்றுக்கு வரும். ஒருவர் 40 என்பார், அடுத்தவர் 42 என்பார், பெரியப்பா தன் பங்குக்கு 45 என்பார். உங்களைக் கேட்டால் 33 என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். "அவ்வளவுதானா மாப்ளே?" என்று முதுகில் தட்டுவார்கள். வாதாட வேண்டாம். பெரியப்பாவின் கார் வெளியேதான் நிற்கும், சாவியை வாங்கிக் கதவைத் திறந்து அந்தத் தூணைக் காட்டுங்கள். "இது எப்ப ஒட்டினாங்க?" என்று கேட்பார்.